லஸ், சாந்தோம், கதீட்ரல் ரோடு... தினமும் சொல்லும் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் தேவாலயங்களை எப்படிப் பார்ப்பது? ஒரு நாள் சென்னைப் பயண வழிகாட்டி

‘லஸ் கார்னர்ல இறங்கிக்கிறேன்’ என்று ஆட்டோக்காரரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீங்க? ‘லஸ்’ என்றால் என்னன்னு எப்பவாவது யோசித்ததுண்டா?

அது போர்ச்சுகீசியச் சொல். ‘லூஸ்’ என்றால் ஒளி. மயிலாப்பூரில் இருக்கும் ஒளி மாதா ஆலயத்தின் பெயர்தான் சுருங்கி, ஒரு பேட்டைக்கே பெயராகிவிட்டது. சாந்தோமும் அப்படித்தான், புனித தோமாவின் போர்ச்சுகீசியப் பெயரிலிருந்து வந்தது. கதீட்ரல் ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது, அங்கிருக்கும் புனித ஜார்ஜ் கதீட்ரலால். பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது. ‘ஆர்மேனியன் ஸ்ட்ரீட்’ நம் வாயில் நுழைந்து ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது.

ஆக, இந்தத் தேவாலயங்கள் நம் பேச்சுக்குள் எப்பவோ வந்துவிட்டன. நாமதான் இன்னும் அவற்றுக்குள்ளே போகவில்லை. வார இறுதியில் மகாபலிபுரம், புதுச்சேரி என்று வண்டியை எடுப்பவர்கள், மெட்ரோ டிக்கெட் செலவில் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய 5 இடங்களைப் பற்றிய கட்டுரை இது. எங்கே போகணும் என்பதைவிட, போனால் எதைப் பார்க்கணும் என்பதுதான் இதில் முக்கியம்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். வழிபாட்டு நேரம் தவிர மற்ற நேரங்களில் அமைதியாக உள்ளே சென்று பார்ப்பவர்களைப் பெரும்பாலான தேவாலயங்கள் தடுப்பதில்லை.

இன்னொரு கேள்வியும் வரும். ‘வெள்ளைக்காரன் கட்டினது, அதுல நமக்கு என்ன பெருமை?’ நியாயமான கேள்விதான். இந்தச் சுவர்களில் இருக்கும் நினைவுப் பலகைகளில் பெரும்பாலானவை கவர்னர்கள், படைத்தளபதிகள், கம்பெனி வியாபாரிகள் ஆகியோரின் புகழைப் பாடுபவை. அவற்றை மட்டும் படித்துவிட்டு வந்தால் ஆண்டவர்கள் எழுதி வைத்த வரலாறுதான் கிடைக்கும்.

அதனால் போகிற ஒவ்வொரு இடத்திலும் 2 கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே யாருடைய பெயர் எழுதியிருக்கு? யாருடைய பெயர் எழுதப்படவில்லை? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே நடந்தால், பெருமையா சிறுமையா என்ற விவாதத்தைத் தாண்டி, இந்த ஊர் எப்படி உருவானது என்பது பிடிபட ஆரம்பிக்கும்.

நிறுத்தம் 1: கோட்டைக்குள் ஒரு குண்டு துளைக்காத கூரை

காலையில் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கலாம். தலைமைச் செயலகம் இருக்கும் அதே வளாகம்தான். பாதுகாப்புச் சோதனை உண்டு, அடையாள அட்டை மறக்காதீங்க.

உள்ளே இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் கட்டுமானம் 1678-ல் தொடங்கி 1680-ல் முடிந்தது. சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆங்கிலிகன் தேவாலயங்களில் மிகப் பழமையானது என்று இதைச் சொல்வார்கள். அப்போதைய கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் நன்கொடை திரட்டி இதைக் கட்டினார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் மேலே பாருங்கள். தட்டையான கூரை இல்லை. பீப்பாயை நெடுக்குவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி வளைந்த கூரை. சுமார் 2 அடி தடிமன். வெளிச்சுவர் சுமார் 4 அடி. கோட்டைக்குள் இருக்கும் கட்டடம் என்பதால் பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கோட்டையின் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த எட்வர்ட் ஃபவுல் என்பவர் இதை வடிவமைத்ததாகக் கருதப்படுகிறது. பீரங்கி எப்படி இடிக்கும் என்று தெரிந்தவர் கட்டினால் வேறு எப்படி இருக்கும்?

1680 நவம்பரில் இங்கே நடந்த முதல் திருமணம், எலிஹு யேலுடையது. ஆமாம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே யேல்தான். 1687 முதல் 1692 வரை சென்னையின் கவர்னராக இருந்தார். பின்னாளில் 1718-ல் அவர் அனுப்பிய 9 பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காலச் சென்னைத் துறைமுகத்திலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய வியாபாரமும் நடந்தது, அந்த நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர்களில் யேலும் ஒருவர் என்பதை யாரும் சொல்வதில்லை. தன் ஆரம்பகாலத் தலைவர்களுக்கு அடிமை முறையோடு இருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது. அப்படிக் கப்பலேறியவர்களில் ஒருவரின் பெயரைக்கூட இந்தச் சுவர்களில் தேட முடியாது. நம் இரண்டாவது கேள்வி இங்கேயே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

1753-ல் ராபர்ட் கிளைவின் திருமணமும் இதே இடத்தில்தான். தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ சிலையைத் தாண்டித்தானே கோட்டைக்கு வந்தீங்க? 1827-ல் காலராவில் இறந்த அந்த மன்றோ அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் இங்கேதான். பலிபீடத்துக்கு மேலே இருக்கும் ‘கடைசி இரா உணவு’ ஓவியம், 1761-ல் பிரெஞ்சுக்காரர்களை வென்ற பிறகு புதுச்சேரியிலிருந்து எடுத்து வரப்பட்டது. வரைந்தவர் யார் என்று தெரியாது.

காலுக்குக் கீழே இருப்பது தரைக்கல் இல்லை

வெளியே வந்ததும் கொஞ்சம் நிதானமாக நடங்கள். தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். நூற்றுக்கும் மேல் இருக்கும். ஆங்கிலம் மட்டுமல்ல, லத்தீன், போர்ச்சுகீசிய எழுத்துகளும் உண்டு. 1652 என்று தேதியிட்ட எலிசபெத் பேக்கரின் கல், இந்தியாவில் இருக்கும் மிகப் பழைய ஆங்கிலேயக் கல்லறைக் கற்களில் ஒன்று.

ஆனால், இந்தக் கற்களுக்குக் கீழே யாரும் புதைக்கப்படவில்லை. உடல்கள் வேறு இடத்தில், கற்கள் மட்டும் இங்கே. எப்படி?

பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டம் இருந்தது கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில். 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, அந்த உயரமான கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு கோட்டையை நோக்கிச் சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் கல்லறைகளை இடித்துத் தள்ளி, எழுத்துள்ள கற்களை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பதித்துவிட்டார்கள். இறந்தவர்களின் நினைவைவிட உயிரோடு இருப்பவர்களின் பாதுகாப்பு பெரிதாகப் போய்விட்டது.

பழைய இடத்தில் தப்பித்து நின்ற கல்லறைகளில் ஒன்று, இப்போது 300 ஆண்டுகள் கழித்தும் சர்ச்சையில் இருக்கிறது. அதைப் பார்க்கும் முன் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கல்லறை, ஒரு பார்க்கிங்: சட்டம் என்ன சொல்கிறது?

சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் அந்தக் கல்லறையில் இருப்பவர்கள் இருவர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், 1680-ல் இறந்த கம்பெனி அதிகாரி. அவருடைய மனைவியைத்தான் யேல் மறுமணம் செய்துகொண்டார். இன்னொருவர், அந்தத் திருமணத்தில் பிறந்து சிறுவயதிலேயே இறந்த யேலின் மகன் டேவிட்.

இந்தக் கல்லறை மத்திய தொல்லியல் துறையால் பாதுகாக்கப்பட்ட சின்னம். 1958-ம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அதில் 2010-ல் வந்த திருத்தமும் இப்படிச் சொல்கின்றன: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கு வெளியே இன்னொரு 200 மீட்டருக்குள் கட்ட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும்.

உயர் நீதிமன்ற வளாகத்திலோ இட நெருக்கடி. வாகனம் நிறுத்தக்கூட இடமில்லை. பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டலாம் என்றால், குறுக்கே நிற்கிறது இந்தக் கல்லறை. ‘இதை வேறு இடத்துக்கு மாற்றினால் என்ன?’ என்ற கேள்வி 2023-ல் உயர் நீதிமன்றத்திலேயே வழக்காக எழுந்தது. ‘அடிமை வியாபாரத்தோடு தொடர்புள்ள ஒருவர், நண்பருக்கும் மகனுக்கும் கட்டிய கல்லறையை நாம ஏன் பாதுகாக்கணும்?’ என்பது ஒரு தரப்பு. ‘பிடிக்காத வரலாறும் வரலாறுதான், ஒன்றை நகர்த்தினால் அடுத்தடுத்து எல்லாவற்றையும் நகர்த்தச் சொல்வார்கள்’ என்பது மறு தரப்பு.

யார் பக்கம் நியாயம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால், ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த விவாதம் நடப்பதே, அந்தச் சின்னம் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால்தான். தமிழ்நாட்டில் இருக்கும் பழைய தேவாலயங்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. அவை திருமண்டலங்களுக்கோ, மறைமாவட்டங்களுக்கோ, அறக்கட்டளைகளுக்கோ சொந்தமானவை. பராமரிப்புச் செலவு அவர்கள் தலையில். பாரம்பரியக் கட்டடங்களுக்காகத் தமிழக அரசு 2012-ல் தனியாக ஒரு சட்டம் இயற்றியது. இருந்தாலும், பழைய கட்டடம் பிழைப்பதும் இடிவதும் பல நேரங்களில் உரிமையாளரின் அக்கறையையும் கையிருப்பையும் பொறுத்தே இருக்கிறது.

நிறுத்தம் 2: அரண்மனைக்காரன் தெருவில் ஆள் இல்லாத ஆலயம்

அங்கிருந்து பாரிமுனைப் பக்கம் நடந்தே போகலாம். மொத்த வியாபாரக் கடைகள், தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி என நசநசவென்று இருக்கும் அரண்மனைக்காரன் தெருவில் ஒரு பெரிய மரக்கதவு. அதைத் தாண்டினால் சத்தம் சட்டென்று அடங்கிவிடும்.

ஆர்மேனியர்கள் ஐரோப்பியக் கம்பெனிகளைப் போலப் படையோடு வந்தவர்கள் இல்லை. பட்டும் மணிக்கற்களும் விற்க வந்த வியாபாரிகள். சென்னையில் 1712-ல் ஆலயம் கட்டினார்கள். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1772-ல் எழுந்தது. தனியாக நிற்கும் மணிக்கோபுரத்தில் 6 பெரிய மணிகள். முற்றம் முழுக்க ஆர்மேனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள்.

அவற்றில் ஒன்று ஹாருத்யுன் ஷ்மாவோன்யன் என்ற பாதிரியாருடையது. உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’, 1794-ல் அவரால் வெளியிடப்பட்டது. எங்கிருந்து தெரியுமா? இதே சென்னையிலிருந்து. ஆர்மேனிய இதழியல் வரலாற்றை எழுதுபவர்கள் பாரிமுனையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஆர்மேனியர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் பாலம் கட்டக் காசு கொடுத்தவர்; பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டுகளும் அவருடைய உபயம்தான்.

இன்று சென்னையில் ஆர்மேனியச் சமூகம் என்று ஒன்று இல்லை. தொடர்ந்து வழிபாடு நடக்க ஆளில்லை. கொல்கத்தாவில் இருக்கும் ஆர்மேனிய அமைப்பு இதைப் பராமரிக்கிறது. ஒரு சமூகமே ஊரைவிட்டுப் போன பிறகும் ஒரு கட்டடம் சுத்தமாக, வெள்ளையடித்து நிற்கிறது என்றால், எங்கோ இருக்கும் சிலர் விடாமல் செலவு செய்கிறார்கள் என்று அர்த்தம்.

நிறுத்தம் 3: எழும்பூரில் கிணறுகளின் மேல் ஒரு கோபுரம்

மெட்ரோவில் ‘உயர் நீதிமன்றம்’ நிலையத்தில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் புனித ஆண்ட்ரூஸ் கிர்க், கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது. ‘கிர்க்’ என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம். 1818-ல் அடிக்கல், 1821-ல் திறப்பு. கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர்.

லண்டனில் இருக்கும் ஒரு தேவாலயத்தின் சாயலில் போடப்பட்ட வடிவம்தான். ஆனால் நடுவில் வட்டமான கூடம், அதன்மேல் பெரிய குவிமாடம். சுமார் 51 அடி விட்டம். 16 தூண்கள் அதைத் தாங்குகின்றன. உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தால் அடர்நீலத்தில் தங்க நட்சத்திரங்கள் மின்னும் வானம். கோபுரத்தின் உயரம் 166 அடிக்கும் மேல்.

இங்கே பிரச்சினை என்னவென்றால், எழும்பூரின் இந்தப் பகுதி ஈரம் கசியும் களிமண். 166 அடிக் கோபுரத்தை அதில் நிறுத்தினால் என்ன ஆகும்? டி ஹாவிலண்ட் லண்டன் வழியில் யோசிக்கவில்லை. நம் ஊரில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த கிணற்று அஸ்திவாரத்தைப் பிடித்துக்கொண்டார். சுமார் 150 கிணறுகள், 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை. வளைவாகச் சுட்ட செங்கல்லும் மண் உறைகளும் கொண்டு அவற்றை இறக்கி, நிரப்பி, அதன்மேல் கட்டடத்தை ஏற்றினார்கள்.

கீழடியில் கிடைத்த உறைகிணறுகளின் படங்களைப் பார்த்திருப்பீங்க. தண்ணீருக்காக மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் கைவேலை இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்கு அது சாட்சி. 200 ஆண்டுகளாக கிர்க் சாயாமல் நிற்பதற்குக் காரணம், அப்படி மண்ணுக்குள் இறங்கத் தெரிந்த கைகள். டி ஹாவிலண்டின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கிணறு இறக்கிய மேஸ்திரியின் பெயர் எங்கேயும் இல்லை.

நிறுத்தம் 4: கதீட்ரல் ரோட்டில் 1947-ன் ஒரு நாள்

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புனித ஜார்ஜ் கதீட்ரலுக்கு வாங்க. ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். ஜேம்ஸ் கால்டுவெல் வடிவமைக்க, அதே டி ஹாவிலண்ட் கட்டி 1815-ல் முடித்தது. இங்கே குறிப்பிடும் கால்டுவெல் ராணுவப் பொறியாளர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அல்ல, குழம்பிடாதீங்க.

வெளியே கூம்புக் கோபுரம், உள்ளே வரிசையாக வெள்ளைத் தூண்கள். அந்தப் பளபளப்பு பளிங்கு மாதிரி தெரியும். சென்னையின் பழைய கட்டடங்களில் இப்படித் தெரிவது பல இடங்களில் பளிங்கு இல்லை, சுண்ணாம்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துப் பேசலாம். 1826-ல் திருச்சியில் இறந்த பிஷப் ஹீபரின் பளிங்குச் சிலை இங்கே இருக்கிறது. செய்தவர் ஃபிரான்சிஸ் சாண்ட்ரி. காலையில் கடந்து வந்த மன்றோ சிலையைச் செய்ததும் இவர்தான். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தின் வேலிக் கம்பிகளில் துப்பாக்கிக் குழல்களையும் ஈட்டிகளையும் பார்க்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு கொண்டுவந்த ஆயுதங்கள் அவை என்று சொல்லப்படுகிறது.

ஆனால், இந்தக் கட்டடத்தின் பெரிய நாள் வெள்ளையர் ஆட்சியில் வந்ததல்ல. 1947 செப்டம்பர் 27. சுதந்திரம் கிடைத்து 43 நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பிரிந்து கிடந்த சபைகள், இந்தக் கூரையின் கீழ் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘சி.எஸ்.ஐ.’ பிறந்த இடம் இதுதான். கம்பெனி அதிகாரிகளின் தொழுகைக்காகக் கட்டிய இடம், அதன் பிறகு இந்த ஊர்க்காரர்களின் திருச்சபைக்குச் சொந்தமானது. ‘வெள்ளைக்காரன் சர்ச்’ என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு தேதி போதும்.

நிறுத்தம் 5: காட்டுக் கோயில்

வெயில் தாழ்ந்ததும் தொடங்கிய இடத்துக்கே வருவோம், லஸ்ஸுக்கு. பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கி நிற்கும் சின்ன ஆலயம். கடலில் வழி தெரியாமல் தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு ஒரு ஒளி தெரிந்ததாகவும், அதைப் பின்தொடர்ந்து கரை சேர்ந்தவர்கள் ஒளி மறைந்த இடத்தில் ஆலயம் கட்டியதாகவும் கதை. கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1516. அந்த ஆண்டு சரிதானா என்பதில் ஆய்வாளர்களிடம் மாற்றுக் கருத்து உண்டு. கல்வெட்டில் இருப்பதாலேயே ஒரு தகவல் முடிந்த முடிவு ஆகிவிடாது என்பதையும் இங்கே கற்றுக்கொள்ளலாம். ஆனாலும், சென்னையின் மிகப் பழைய ஐரோப்பியர் காலக் கட்டடங்களில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை.

மக்கள் இதற்கு வைத்த பெயர் காட்டுக் கோயில். ஒரு காலத்தில் சுற்றிலும் மரமும் புதருமாக இருந்த இடம். கவர்னர்களும் தளபதிகளும் சுவரை நிறைத்திருக்கும் கோட்டைக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கவனியுங்கள். இங்கே மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள்தான் முக்கியம். அவர்களில் எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்றும் சொல்ல முடியாது.

சுண்ணாம்பா, சிமென்ட்டா? ஏன் இது உயிர்ப் பிரச்சினை?

இந்தக் கட்டடங்களுக்கு மழையைவிடப் பெரிய எதிரி சில நேரங்களில் நல்லெண்ணத்தோடு செய்யும் ரிப்பேர்தான்.

பழைய சென்னைக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. ‘மெட்ராஸ் சுனாம்’ என்று வெள்ளைக்காரர்கள் வியந்த பூச்சு, நம் சுண்ணாம்புதான். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, சலித்து, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் போன்றவற்றைச் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பளிங்கு என்று ஏமாறும் அளவுக்கு மின்னும்.

சுண்ணாம்பு மூச்சு விடும். சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பு பூக்கும், செங்கல் பொடியும். வெளியே புதுசு மாதிரி தெரியும் சுவர், உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். எண்ணெய் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு, கூலியும் நேரமும் அதிகம். அதனால் கமிட்டிகள் சிமென்ட் பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

பூச்சை நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, கோவாவில். புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பாம் ஜீசஸ் பசிலிக்கா 1605-ல் அர்ச்சிக்கப்பட்டது. யுனெஸ்கோ 1986-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கோவா தேவாலயங்களில் ஒன்று. இன்று சுற்றுலாப் போஸ்டர்களில் நாம் ரசிக்கும் அதன் செம்புரைக்கல் சிவப்பு, கட்டியவர்கள் நினைத்த நிறம் அல்ல. 1950-களில் ‘பழமையாகத் தெரியணும்’ என்று மேலிருந்த சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கொங்கண் மழை நேராகக் கல்லில் அடிக்கிறது, கல் அரிக்கிறது. போட்டோவுக்கு அழகாக இருப்பது, கட்டடத்துக்கு நோயாக இருக்கலாம்.

அடுத்த முறை ஒரு பழைய தேவாலயத்தில் வெள்ளையடித்த சுவரைப் பார்த்து ‘பழைய லுக்கே போச்சே’ என்று சொல்லும் முன், அது சுண்ணாம்பா பெயின்ட்டா என்று பாருங்கள். சுண்ணாம்பாக இருந்தால், சரியாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சந்தோஷப்படலாம்.

போகும்போது இதை மறக்காதீங்க

* நேரம்: ஞாயிறு காலை வழிபாட்டு நேரம். பார்க்க மட்டும் போகிறவர்கள் வார நாளோ சனிக்கிழமையோ தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் திறக்கும் நேரம் வேறு என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். திருமணம் நடக்கும் நாளில் உள்ளே போக முடியாது.

* போட்டோ: கேட்டுவிட்டு எடுங்கள். யாராவது ஜெபித்துக்கொண்டிருந்தால் அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். கோட்டைப் பகுதியில் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை, ட்ரோன் யோசனையே வேண்டாம்.

* கல்வெட்டு: எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, நாணயத்தால் சுரண்டுவது எல்லாம் கூடாது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும்.

* காணிக்கை: நுழைவுக் கட்டணம் கேட்காத இடம் என்றால், பராமரிப்புக்கும் வருமானம் இல்லை என்று அர்த்தம். ஒரு காபி காசையாவது உண்டியலில் போடுங்கள்.

* குறிப்பு: தேதி தெரியும்படி கல்லறைக் கற்களைப் படமெடுத்து வையுங்கள். வெயிலிலும் மழையிலும் எழுத்து தேய்ந்துகொண்டே போகிறது. 10 வருடம் கழித்து உங்கள் போனில் இருக்கும் படத்தில் மட்டும்தான் அந்தப் பெயர் இருக்கக்கூடும்.

சென்னைக்கு வெளியே?

ருசி கண்டுவிட்டால் அடுத்து தரங்கம்பாடி. டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்தில், 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் மொழிபெயர்த்த தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது 1715-ல், அதே ஊரில். அங்கிருந்து தஞ்சாவூர் போனால், சிவகங்கைப் பூங்கா அருகே 1779-ல் கட்டப்பட்ட ஸ்வார்ட்ஸ் ஆலயம். உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம்: மரணப் படுக்கையில் பாதிரியார், அருகில் அவரைப் பார்க்க வந்த மராட்டிய மன்னர். இரண்டாம் சரபோஜி தன் ஆசானுக்காக ஜான் ஃபிளாக்ஸ்மேன் என்ற சிற்பியிடம் சொல்லி, இங்கிலாந்தில் செய்வித்தது.

ஊர் எதுவாக இருந்தாலும் கேள்விகள் அதே இரண்டுதான். யாருடைய பெயர் எழுதியிருக்கு, யாருடையது இல்லை? முதல் கேள்விக்குப் பதில் சுவரிலேயே இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வேண்டுமானால், சுவரையே தொட்டுப் பார்க்காமல் கூர்ந்து பார்க்க வேண்டும். பூச்சு உதிர்ந்த இடத்தில், 2 செங்கல்லுக்கு நடுவே, கரண்டி இழுத்த தடம் இன்னும் இருக்கும்.